விரிசல் வரைந்த முன்பல்

பிப்ரவரி 3, செவ்வாய்

பேருந்தில் எதிர் இருக்கைக்காரர் கொட்டாவி விட்டார். அடடா, என்ன நிறம்! ஈறோரம் தேன், நடுவில் பழைய தந்தம், நுனியில் பால் கலந்த கண்ணாடி. அவர் வாயை மூடிய பிறகும் நான் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. மனிதர் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்திருப்பார், பாவம்.

பக்கத்தில் இருந்த அம்மாள், தெரிந்தவரா என்று கேட்டாள். இல்லை, அவருடைய பல் நன்றாக இருக்கிறது, நான் பல் செய்கிறவள் என்றேன். டாக்டரா என்றாள். டாக்டர் இல்லை, டாக்டர் அச்செடுத்து அனுப்புவார், நாங்கள் பீங்கானில் பல் செய்து அனுப்புவோம், அவர் வாயில் ஒட்டுவார் என்று விளக்கினேன். உடனே அந்த அம்மாள் வாயை ஆவென்று திறந்து, கடைசிப் பல் ஆடுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டாள். இந்த ஆலோசனையில் நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போயே போய்விட்டது.

அக்காவிடம் சொன்னேன். மற்ற பெண்கள் ஆம்பளையின் கண்ணைப் பார்க்கிறார்கள், தோளைப் பார்க்கிறார்கள். நீ ஒருத்திதான் சந்தையில் மாடு பிடிக்கிறவன் மாதிரி பல்லைப் பார்க்கிறாய், உனக்கு எங்கிருந்து கல்யாணம் ஆகும் என்றாள். அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர் தப்பைச் சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வந்தாலும் வாய் நிற்பதில்லை.

பிப்ரவரி 4, புதன்

இன்று ஒரு வாய் வந்தது.

முகம் கிடையாது. எங்களுக்கு எப்போதும் முகம் வராது. ஓர் அச்சு, ஒரு வேலைச் சீட்டு, உதட்டை விலக்கிப் பிடித்து எடுத்த ஒரு புகைப்படம் – அவ்வளவுதான். பெரும்பாலும் படம் கை நடுங்கி, எச்சில் பளபளத்து, பாதி மூக்கோடு வரும். இது அப்படியில்லை. வெளிச்சம் பக்கவாட்டில் மெதுவாக இறங்கி ஒவ்வொரு பல்லின் வளைவையும் தடவிக்கொண்டு போகிறது. முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கிறது. மற்றதெல்லாம் இப்போதுதான் உரித்த பூண்டு! திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு நான் பெருமூச்சு விட்டதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே.

சீட்டில் டாக்டர் ஏ-மூன்று என்று எழுதியிருந்தார். எங்கள் நிற அட்டையில் ஏ-ஒன்று என்றால் நல்ல வெளுப்பு. எண் ஏற ஏற மஞ்சளும் பழுப்பும் கூடும். படத்தில் இருப்பது சத்தியமாக ஏ-ஒன்று. அவசரத்தில் மாற்றி எழுதியிருப்பார். கண்ணெதிரே இப்படி ஒரு படம் இருக்கும்போது சீட்டை யார் நம்புவார்? படத்தையே பார்த்துச் செய்யப்போகிறேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

கட்டி முடித்தேன். பீங்கான் பொடியைக் குழைத்து, மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காக வைத்து, சூளையில் சுட்டு எடுத்தாயிற்று. சுட்டால் சுருங்கும், அதனால் முதலில் முயல் பல்லாகத்தான் கட்ட வேண்டும். நுனியில் துளி நீலம். பல்லில் நீலமா என்பார்கள் தெரியாதவர்கள். ஜன்னலோரம் நின்று கண்ணாடியில் பார்த்தால் தெரியும், நுனியில் நீலம், அதற்கு மேலே மாலை வெயில்போல் லேசான ஆரஞ்சு. எல்லார் வாயிலும் ஒரு வானம் இருக்கிறது. பல் துலக்கும்போது தினம் பார்க்கிறார்கள், ஆனால் பார்ப்பதில்லை.

ஒரு குறைதான். எப்போதும் நான் செய்யும் பல்லில் வேண்டுமென்றே ஏதாவது கோளாறு வரைவேன். மயிரிழை விரிசல், வெள்ளைத் திட்டு, ஓரத்தில் டீக்கறை. கோளாறே இல்லாத பல், நான் பொய்ப்பல், நான் பொய்ப்பல் என்று வாய்க்குள் உட்கார்ந்து கூவும். அக்கம்பக்கத்துப் பற்களில் என்ன இருக்கிறதோ அதையே வரைய வேண்டும். இந்த வாயிலோ பார்த்து வரைய ஒரு கறைகூட அகப்படவில்லை. கை அரித்தது. அடக்கிக்கொண்டேன்.

பக்கத்து மேஜையிலிருந்து கடைவாய் அண்ணன் எட்டிப் பார்த்தார். இத்தனை வருடமாகக் கடைவாய்ப் பல் மட்டுமே செய்கிறார், அதனால் அவருக்கு அந்தப் பெயர். "பேரு உன் பல்லுக்கு. மெல்லுறது என் பல்லு" என்றார். வாரம் ஒருமுறையாவது இதைச் சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

பிப்ரவரி 10, செவ்வாய்

திரும்பி வந்துவிட்டது! "வெள்ளை அதிகம். வாயில் விளக்குப் போட்டதுபோல் இருக்கிறது." டாக்டரின் கையெழுத்து.

பிப்ரவரி 11, புதன்

படத்தோடு வைத்து வைத்துப் பார்த்துவிட்டேன். அச்சு அசல். என்மேல் என்ன தப்பு?

பிப்ரவரி 13, வெள்ளி

புதிதாக ஒரு படம் கேட்டு வாங்கினேன். ஐயோ, முதல் படத்தைவிட அழகு. அதே மென்மையான வெளிச்சம், அதே பூண்டு. இந்த முறை மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கொஞ்சம் மஞ்சள் கூட்டினேன். கொஞ்சம்தான். படத்தில் இல்லாததை எப்படி மனசாட்சியோடு கூட்டுவது?

பிப்ரவரி 17, செவ்வாய்

மறுபடியும் திரும்பி வந்தது.

முதலாளி கத்துகிற ஆள் இல்லை. கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். இன்னொரு தடவை திரும்பினால் அந்த டாக்டர் வேறு இடம் பார்ப்பார் என்றார். அப்படி வந்தால் முன்பற்களைப் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு, நான் கடைவாய் மேஜைக்குப் போகலாமாம். தண்டனை இல்லையாம். கண்ணுக்கு ஓய்வாம்.

பிப்ரவரி 18, புதன்

ஓய்வாம்ல ஓய்வு! என் கண்ணுக்கு என்ன கேடு? நான் கேட்டேனா ஓய்வு? இத்தனை வருஷமா கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்துப் பாத்துச் செஞ்சதுக்கு இதான் மரியாதையா?

கடைவாய்ப் பல்லைக் கேவலமாகச் சொல்லவில்லை. அது இல்லாமல் யாரும் சாப்பிட முடியாது. ஆனால் அதில் வானம் கிடையாது. இருட்டில் உட்கார்ந்து மெல்லும், அவ்வளவுதான். எனக்கு அந்த நீலம் வேண்டும். அந்த ஆரஞ்சு வேண்டும். அது போய்விட்டால் காலையில் எதற்கு எழுந்திருப்பது என்று தெரியவில்லை.

கடைவாய் அண்ணன் தன் மேஜையில் பாதியை எனக்காகத் துடைத்து வைத்திருக்கிறார். நல்ல மனசுதான். அழுகைதான் வந்தது.

பிப்ரவரி 19, வியாழன்

டாக்டர் அம்மாவே தொலைபேசியில் அழைத்தார். இன்னொரு படம் அனுப்பச் சொல்லலாமா என்று நான் தொடங்குவதற்குள், "படம் படம்னு ஏம்மா அடிச்சுக்கறே, நேர்ல வந்து பாரேன்" என்றார். நாளை பகலில் அந்த வாய்க்குச் சொந்தக்காரரை வரச் சொல்லியிருக்கிறாராம்.

நேரிலா? நானா? பன்னிரண்டு வருடமாகப் பல் செய்கிறேன். பல்தான் போகும், நாங்கள் போனதில்லை. நான் செய்த எந்தப் பல்லும் ஒரு வாய்க்குள் உட்கார்ந்திருப்பதை நான் கண்ணால் கண்டதில்லை. இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிவைத்தேன். ஒரு வாயைப் பார்க்கப் போவதற்கு எதற்குடி இத்தனை அலங்காரம் என்றாள் அக்கா. எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

என்னத்தைச் சொல்ல, எங்கிருந்து தொடங்க!

நாற்பது வயது இருக்கும். உயரம். கையால் வாயைப் பொத்திக்கொண்டே வணக்கம் சொன்னார். உடைந்த பல்லின் மேல் தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் தொப்பி மாட்டியிருந்தார்கள், அதை மறைக்கத்தான். டாக்டர் அவரை ஜன்னலோரம் உட்காரவைத்தார். நான் நிற அட்டையோடு குனிந்தேன். அவர் கையை எடுத்தார்.

அது வேறு யாருடைய வாயோ! நான் நாள்கணக்காகக் கட்டிக்கொண்டு அழுத பூண்டு எங்கே? இது நல்ல டீ நிறம். பக்கத்து முன்பல்லில் மேலிருந்து கீழ்வரை ஒரு மயிரிழை விரிசல், லேசாகப் பழுப்பேறி, அவ்வளவு நயமாக ஓடுகிறது. அதற்கடுத்த பல்லில் பால் தெறித்ததுபோல் ஒரு வெள்ளைத் திட்டு. அட்டையை வைத்துப் பார்த்தால் ஏ-மூன்று. டாக்டர் எழுதியது எழுதியபடி!

"படத்துல இருக்கிறது உங்க வாயே இல்லைங்களே" என்றேன். முதன்முதலாகப் பார்க்கிற மனிதரிடம் பேசுகிற பேச்சா இது?

"என் வாய்தாங்க. நான்தான் எடுத்தேன். கொஞ்சம் சுத்தம் பண்ணி அனுப்பினேன்."

"சுத்தம்னா?"

"மஞ்சளைக் கொறைச்சு, இந்தக் கோட்டை எடுத்து, அந்தப் புள்ளியை அழிச்சு... பழக்க தோஷங்க. கை சும்மா இருக்காது."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவர்தான், நிறுத்தவே இல்லை. நீங்கள் போட்டோகாரர்தானே, நீங்களே நன்றாக எடுத்து அனுப்புங்கள் என்று சொன்னவர் டாக்டரேதான். நல்ல ஆளாகப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். அந்த மனிதருக்கு ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிற ஒருத்தர் முகத்திலும் பரு, தழும்பு, கருவளையம் எதையும் விட்டுவைத்ததில்லையாம். அந்தக் கையோடு தன் பல்லையும் படமெடுத்து, பழக்கத்தில் துடைத்து மெழுகி அனுப்பியிருக்கிறார். நானும் ஒரு மடச்சி, சீட்டை ஒதுக்கிவிட்டுப் படத்தைப் பார்த்து உருகியிருக்கிறேன்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். முன்பல் மேஜையே ஆட்டம் கண்டது இவரால்தானே? ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "அந்தக் கோடுதாங்க அழகே. அதைப் போய் எடுத்துட்டீங்களே" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அட்டையைப் பார்த்தேன். அசடு வழிந்து தரையெல்லாம் ஓடியிருக்கும்.

பல் உடைந்த கதையையும் கேட்டேன். ஒரு கைக்குழந்தையைச் சிரிக்கவைக்க முகத்தருகே குனிந்திருக்கிறார். அது குஷியில் தலையால் ஒரே முட்டு. கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரிங்க சிரிங்க என்றால் பிள்ளைகள் ஏதோ நாற்றம் அடிக்கிறது என்று நினைக்கின்றனவாம். "நான் சிரிச்சாத்தாங்க அதுங்க சிரிக்கும். இப்போ என் கடையில எல்லாமே அழுமூஞ்சிப் படம்" என்றார். குரலில் விளையாட்டு இல்லை. எனக்கு என் மேஜை போகிற மாதிரி, அவருக்கு அவர் கடை.

பிப்ரவரி 21, சனி

அவர் இருப்பதை அழிக்கிறார். நான் இல்லாததை வரைகிறேன். இரண்டு பேரும் ஒரே வாயில் வந்து முட்டிக்கொண்டோம். இதை நினைத்து நினைத்துப் பாத்திரம் கழுவும்போதுகூடச் சிரிப்பு. காய்ச்சலா என்று அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

இன்று மூன்றாவது பல். இதுதான் கடைசி வாய்ப்பு. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலாளி அந்தப் பக்கமாக நான்கு தடவை சும்மா நடந்தார்.

ஆனால் தூரிகையை எடுத்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. டீ நிறம், அதன்மேல் தேன், நுனியில் நீலம். பிறகு என் பங்கு: மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு விரிசல். அவருடைய பல்லில் இருப்பது நேராக ஓடுகிறது. இதைக் கொஞ்சம் வளைத்தேன், அக்கா தங்கை மாதிரி, ஜாடை ஒன்று நடை வேறு. ஈறோரம் கொஞ்சம் கறை. அது போதாதென்று இன்னும் துளி கறை. சுட்டு எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். இவ்வளவு அழகான அழுக்கை நான் வாழ்நாளில் செய்ததில்லை!

கடைவாய் அண்ணன் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு போய், எனக்காக ஒதுக்கிவைத்த பாதி மேஜையில் தன் சாமான்களை மறுபடி பரப்பிக்கொண்டார்.

பிப்ரவரி 27, வெள்ளி

டாக்டர் என்னையும் வரச் சொல்லியிருந்தார். போட்டோகாரருக்குப் பல்லைப் பொருத்தினார். கண்ணாடியை அவர் கையில் கொடுத்தார். அவர் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சுவரில் இருந்த பல் படத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டருக்கு ஒரு வேடிக்கை தோன்றியது. வரவேற்பில் இருக்கும் பெண்ணை உள்ளே கூப்பிட்டு, இதில் புதுப்பல் எது, சொல் பார்ப்போம் என்றார். அவள் கிட்டே வந்து, குனிந்து, யோசித்து, பக்கத்தில் இருந்த அவருடைய சொந்தப் பல்லைக் காட்டினாள். "இதுதான் டாக்டர். கொஞ்சம் பொய்யாத் தெரியுது" என்றாள்.

அவர் சிரித்தார்.

கையால் மூடவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, மேல்வரிசை முழுக்கத் தெரிய, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த வரிசையில் என் பல்லும் இருந்தது. மற்றதோடு சேர்ந்து, ஈரமாக, உயிரோடு, என் பல் சிரித்தது. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பார்க்கிறேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில்தான், ஆனால் விக்கி விக்கி. அவர் பயந்துபோய்ச் சிரிப்பை நிறுத்திவிட்டார். "நிறுத்தாதீங்க" என்றேன்.

முதலாளியிடம் டாக்டரே பேசிவிட்டார். முன்பற்கள் என்னிடமே.

மார்ச் 8, ஞாயிறு

பல் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஸ்டுடியோவுக்குப் போனேன். தொழில் விஷயமாகத்தான். அப்படித்தான் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனேன். அவள் நம்பவில்லை, அதற்கு நான் என்ன செய்ய?

ஒரு குழந்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி ஈயென்று இளித்தார். குழந்தையும் இளித்தது. அதற்கு இரண்டே பல், இரண்டும் மேகம்போல் வெளுப்பு. அந்த வெளுப்புக்கு எங்கள் அட்டையில் எண்ணே கிடையாது.

பிறகு சண்டை போட்டோம். அழகைத் துடைத்துத் துடைத்து ஊரையே பீங்கான் பொம்மை ஆக்குகிறீர்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. ஒருமுறை ஒரு பெண் வேலைக்கு விண்ணப்பிக்கப் படம் எடுக்க வந்தாளாம். வீட்டில் நோயாளி, தூங்கியே பல வாரம் ஆன முகம். கண்ணுக்குக் கீழிருந்த கருவளையத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தாராம். "நல்லாத் தூங்கி எழுந்த மாதிரி இருக்கேன்னு சொல்லி, அந்தப் படத்தை ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அதையும் தப்புன்னு சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

சொல்ல மாட்டேன். அது வேறு. அதுவும் அழகுதான். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பெண்ணையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

அன்றைக்கு எனக்குத் தெரியாமல் என்னையும் ஒரு படம் எடுத்திருக்கிறார். ஜன்னலோரம் நின்று எதையோ பார்க்கிறேன். இன்று அனுப்பினார், "எதையும் எடுக்கலை" என்ற ஒரு வரியோடு.

பார்த்தேன். ஐயையோ! மூக்கோரம் அந்த அம்மைத் தழும்பு பள்ளமாகத் தெரிகிறது. கண்ணோரம் சுருக்கம், எப்போது வந்தது இது? முன்தலையில் நரை வேறு. உடனே பதில் அனுப்பிவிட்டேன்: "எல்லாம் இருக்கட்டும், அந்தத் தழும்பை மட்டும் கொஞ்சம் எடுக்க முடியுமா?"

அனுப்பியபின்தான் உறைத்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் நான்! அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

மார்ச் 11, புதன்

பதில் வந்தது: "முடியாதுங்க. அதுதாங்க அழகே."

தலைகால் புரியவில்லை. இன்று ஒரு பல்லும் உருப்படியாகக் கட்டவில்லை.

மே 16, சனி

அவரும் நானும் தெருத்தெருவாக நடந்தோம். துருப்பிடித்த கதவு ஒன்றின் முன்னால் நான் நின்றேன், அது அப்பட்டமான ஏ-நான்கு. ஒரு மாடிக் கொடியில் காய்ந்த நீலத் துண்டின் நிழல் எதிர்ச்சுவரில் ஊதாவாக விழுவதை அவர் காட்டினார். சைக்கிள் பழுதுபார்க்கிறவர் சக்கரக் கம்பிகளை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்ததை இருவரும் ஒரே நேரத்தில் காட்டினோம். எங்கும் போய்ச் சேரவில்லை. செருப்பு அறுந்துவிட்டது. அவர் கேமராப் பையின் வாரைக் கழற்றிக் கட்டிவிட்டார். அதையும் படம் எடுத்தார்.

ஜூலை 10, வெள்ளி

கல்யாணப் பதிவு அலுவலகத்தில் எங்கள் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பின்னணி சரியாம், அளவும் சரியாம். இருவரும் இத்தனை பல்லைக் காட்டக்கூடாதாம். வாயை மூடி எடுத்து வரச் சொன்னார் அந்த அதிகாரி. சொல்லும்போது அவர் பல்லை நான் பார்க்காமல் இல்லை. பி-மூன்று, நல்ல மஞ்சள், ஒரு பக்கம் அருமையான தேய்மானம்.

சாட்சிக் கையெழுத்துப் போட வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. எங்களை ஸ்டுடியோவுக்கு இழுத்துப்போய், திரைக்கு முன்னால் நிறுத்தி, தானே கேமராவைப் பிடித்துக்கொண்டாள். "மூடுங்க. ரெண்டு பேரும். வாயை" என்றாள். மூடினோம். அவர் கன்னம் துடிப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. போச்சு. எடுத்த படம் எதிலும் வாய் மூடவில்லை. கடைசிப் படம் ஆடிவிட்டது, அதில் அக்காவும் சிரித்திருக்கிறாள் போல.

அதற்குள் அலுவலகத்தை மூடிவிட்டார்கள். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இருவரும் வாயை மூடிப் பழகிக்கொண்டே வந்தோம்.